கால் தடுக்கிய கல்: ‘பெரிய வீடு’ குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(ஞாயிறு, மாலை 5:42)

நான்: (படம்)

நான்: பெரியப்பா, இது உங்களுக்காக. யார் கட்டியது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அண்ணன்: அங்கோர்வாட்.

அத்தை: ஏதோ பொருட்காட்சி செட் மாதிரி இருக்கிறதே. எங்கே போயிருக்கிறாய்?

நான்: ஓத்ரீவ் என்று ஒரு கிராமம், அத்தை. பிரான்ஸில், லியோன் நகரத்திலிருந்து தெற்கே சுமார் 80 கிலோமீட்டர், த்ரோம் மாவட்டம். தோழியின் காரில் வந்தோம். கலோர் என்று சின்னதாக ஓர் ஆறு, ஒரு தேவாலயம், நாலைந்து தெரு. ஊரைச் சுற்ற அரை மணி போதும். படத்தில் இருக்கும் இந்த ஒரு கல் மாளிகைக்கு மட்டும் காலையிலிருந்து நேரம் போதவில்லை.

பெரியப்பா: எந்த ராஜா கட்டியது?

நான்: ராஜா இல்லை. உங்கள் டிபார்ட்மென்ட். போஸ்ட்மேன்.

பெரியப்பா: விளையாடாதே பாப்பா.

நான்: சத்தியமாக. பெயர் ஃபெர்தினான் ஷெவால். தினமும் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தபால் கொடுத்தவர். 1879 ஏப்ரலில் ஒரு நாள் வழியில் கல் தடுக்கி விழப் பார்த்தார். என்னவென்று குனிந்தால், தண்ணீர் அரித்து அரித்து விநோத வடிவம் எடுத்த கல். கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அதே இடத்துக்குப் போனால் அதைவிட அழகான கற்கள். இயற்கையே சிற்பம் செய்கிறது, கொத்து வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிவிட்டார். அப்போது வயது 43. முடித்தது 1912-இல்.

அம்மா: முப்பத்து மூன்று வருஷமா! கொத்தனார் படிப்பு ஏதும் உண்டா?

நான்: கிடையாது அம்மா. தபாலுக்கு வருமுன் ரொட்டி சுடும் வேலை.

பெரியப்பா: நடந்தேவா? சைக்கிள் இல்லையா? என் பீட் 18 கிலோமீட்டர். சைக்கிளில் போயே முழங்கால் போய்விட்டது.

அத்தை: ஷெவால் என்றால் என்ன அர்த்தம்?

நான்: குதிரை.

அத்தை: சரிதான்.

அண்ணன்: பையில் தபால் இருக்கும்போது கல்லை எப்படிச் சுமந்தார்?

நான்: முதலில் சட்டைப் பை, கோட்டுப் பை. பை கிழிந்து கிழிந்து மனைவி தைத்துக் களைத்துப்போனாராம். அப்புறம் கூடை. அப்புறம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. போகும்போது கற்களை வழியோரம் குவித்து வைப்பார், வேலை முடிந்து சாயங்காலம் வண்டியோடு திரும்பிப் போய் ஏற்றி வருவார். அந்த வண்டிக்குக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மாடம் கட்டி, சாமி மாதிரி வைத்திருக்கிறார். (படம்)

அத்தை: சைக்கிளுக்கு ஆயுத பூஜை போட்ட ஆள் நம் வீட்டிலும் உண்டு. அண்ணா, ஞாபகம் இருக்கிறதா? மணிக்கெல்லாம் பொட்டு வைப்பீர்கள்.

பெரியப்பா: பொட்டு வைத்ததால்தான் 22 வருஷம் ஓடியது.

(மாலை 6:10)

சித்தப்பா: அனைவருக்கும் இனிய மாலை வணக்கம். வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில்… மேலும் படிக்க

அண்ணன்: சித்தப்பா, கொஞ்சம் பொறுங்கள்.

நான்: அம்மா, இந்தப் படத்தைப் பார். மேற்குப் பக்கச் சுவரில் வரிசையாக மாடங்கள். ஒன்றில் மசூதி, ஒன்றில் சுவிஸ் மலைவீடு, ஒன்றில் அமெரிக்க வெள்ளை மாளிகை. அதே வரிசையில் ஓர் இந்துக் கோயில்.

அம்மா: கோயிலா? எந்த சாமி?

நான்: சாமி யாரும் கண்ணில் படவில்லை. நம் ஊர்க் கோயில் மாதிரியும் இல்லை, வடக்கத்திக் கோயில் மாதிரியும் இல்லை. இந்தியா பக்கம் வராதவர் ஆயிற்றே. படத்தில் பார்த்ததுதான்.

அண்ணன்: அந்தக் காலத்தில் எங்கே படம் பார்த்தார்?

நான்: அங்கேதான் தபால் வருகிறது! படம் போட்ட அஞ்சலட்டைகளும் படப் பத்திரிகைகளும் பரவிய காலம். எல்லாம் இவர் பை வழியாகத்தான் வீடுகளுக்குப் போயின.

பெரியப்பா: கார்டைப் படிக்காத போஸ்ட்மேன் உலகத்தில் கிடையாது. கவர் வேறு, கார்டு வேறு. மேலத்தெருவில் யாருக்குப் பெண் நிச்சயம் என்று வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

அத்தை: அதை எங்களிடமும் சொல்லிவிடுவீர்கள்.

நான்: கிழக்குப் பக்கம் மூன்று ராட்சதர்கள். ஒல்லியாக, நெட்டையாக, கூழாங்கல் கண்ணோடு ஒரு கோபுரத்தைத் தாங்கி நிற்கிறார்கள். சீசர், அவரோடு போரிட்ட கோல் நாட்டு (அந்தக் கால பிரான்ஸ்) தலைவர் வெர்சிங்ஜெட்டோரிக்ஸ், ஆர்க்கிமிடீஸ் என்று எல்லாரும் ஒரே சுவரில். நீளம் 26 மீட்டர். உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் எனக்குப் பிடிக்கவில்லை. பாம்பு, மரம், யானை, தூண், எழுத்து என்று ஓர் அங்குலம் விடாமல் நெருக்கடி. கிட்டே போய் ஒவ்வொரு கல்லாகப் பார்த்த பிறகுதான் நகர மனம் வரவில்லை.

அண்ணன்: சுவரில் ஏதோ கணக்கு எழுதியிருக்கிறதே?

நான்: 10,000 நாள், 93,000 மணி நேரம், 33 வருஷம். என்னைவிடப் பிடிவாதக்காரன் எவனாவது இருந்தால் வேலையை ஆரம்பிக்கட்டும் என்று சவால் வேறு.

அண்ணன்: இடிக்கிறது. நாளுக்கு 9.3 மணி நேரம். 30 கிலோமீட்டர் நடை, வீடு வீடாக நின்று கொடுப்பது எல்லாம் சேர்த்து 8 மணி நேரமாவது ஆகும். எப்போது தூங்கினார்?

பெரியப்பா: எந்த வருஷம் ரிடையர் ஆனார்?

நான்: 1896.

பெரியப்பா: அப்படியானால் சர்வீஸில் 17 வருஷம், அதற்குப் பின் 16 வருஷம். சர்வீஸில் இருந்தபோது ராத்திரியில் செய்திருப்பார். பின்னால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை. இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் சரியாக வரும். தபால்காரன் கணக்கில் தப்பு கண்டுபிடிக்காதே.

நான்: சரியாகச் சொன்னீர்கள். ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டுதான் கட்டினாராம். ஊரில் பைத்தியம் என்றார்கள்.

அம்மா: பிள்ளை குட்டி?

நான்: மகள் ஆலிஸ், 1879-இல்தான் பிறந்தாள். கல் தடுக்கிய அதே வருஷம். 15 வயதில் போய்விட்டாள் அம்மா.

அம்மா: ஐயோ.

(மாலை 6:31)

நான்: தன்னையும் இதற்குள்ளேயே புதைக்க வேண்டும் என்று கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. உடனே ஊர் இடுகாட்டில் தனக்கு ஒரு கல்லறை கட்ட ஆரம்பித்தார். அதற்கு இன்னும் 8 வருஷம். 1922-இல் முடித்தபோது வயது 86. 1924 ஆகஸ்டில் காலமானார். அதையும் நடந்துபோய்ப் பார்த்தோம். அதே முறுக்கு, அதே நெளிவு, அளவுதான் சிறிது. பக்கத்தில் பளிங்குக் கல்லறைகள் எல்லாம் கைகட்டி நிற்கிற மாதிரி இருந்தது.

அண்ணன்: அரசாங்கம் இடிக்காமல் விட்டதே பெரிது.

நான்: 1964-இல் கலாசார அமைச்சகத்து அறிக்கை ஒன்று முழுக்க முழுக்க அவலட்சணம் என்றது. ஐந்தே வருஷத்தில், 1969-இல், அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்.

பெரியப்பா: ஆபீசர்கள் எந்த ஊரிலும் ஆபீசர்கள்.

அத்தை: சாப்பிட்டாயா இல்லையா?

நான்: சாப்பிட்டேன் அத்தை. இந்தப் பக்கம் ராவியோல் என்று ஒன்று. மாவுக்குள் சீஸும் பார்ஸ்லிக் கீரையும். சின்னச் சின்னச் சதுரம், வெந்நீரில் ஒரு நிமிஷம். சோமாசுக்குக் குட்டி போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

பெரியப்பா: தடுக்கிய கல் இப்போது எங்கே?

நான்: மாடியில் வைத்திருக்கிறார்கள். (படம்)

பெரியப்பா: பெரிதாக்கிப் பார்த்தேன். வளைந்து வளைந்து இருக்கிறது. நானாக இருந்தால் திட்டிவிட்டு உதைத்துத் தள்ளியிருப்பேன்.

நான்: 1984-இல் இந்த மாளிகைக்குத் தபால்தலையே வெளியிட்டார்கள் பெரியப்பா.

பெரியப்பா: கிடைத்தால் வாங்கி வா. என் ஆல்பத்தில் பிரான்ஸ் பக்கம் பாதி காலி.

நான்: தேடுகிறேன். இப்போது கடையில் அஞ்சலட்டை வாங்கிவிட்டேன், ராட்சதர்கள் படம். இன்றே அனுப்பட்டுமா?

பெரியப்பா: அனுப்பு. பின்கோடு கடைசி எண் 4, போன தடவை 1 மாதிரி எழுதியிருந்தாய். கவரில் போடாதே. இப்போது நம் தெருவுக்கு வருகிற பையன் புதிது, அவனும் படிக்கட்டும்.