ரீஸ்டார்ட் பண்ணா லாக் ஃபைல்ல ஹெடர் திரும்பத் திரும்ப வருது

கேள்வி:
பைத்தான்ல லாக்கை (புரோகிராம் ஓடுறப்ப நடக்குறதோட பதிவு) சிஎஸ்வி மாதிரி, கமா போட்டுப் பிரிச்சு எழுதுறேன், முதல் வரில ஹெடர், அதாவது காலம் (column) பேருங்க. சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகுறப்பல்லாம் அதே ஹெடர் நடுவுல வந்து உக்காந்துக்குது, எக்செல்ல தொறந்தா ஒரே குழப்பம். அப்பெண்ட் மோட்தான் (பழசுக்குக் கீழ சேர்த்து எழுதுறது) வச்சிருக்கேன், என்ன பண்ண?

பதில் 1:
மோடை டபிள்யூ ('w', ரைட் மோட்) ஆக்கிடுங்க, முடிஞ்சுது.

பதில் 2:
ஐயோ வேணாம், பழைய லாக் மொத்தமும் காலி ஆயிடும், கிராஷ் ஆன காரணமே அதுலதான இருக்கும். லாக்கை ஃபைல்ல எழுதுற பைத்தான் கிளாஸான ஃபைல்ஹேண்ட்லரை (FileHandler) இன்ஹெரிட் பண்ணி, ஃபைலைத் தொறக்குற அண்டர்ஸ்கோர் ஓப்பன் (_open) மெத்தடை ஓவர்ரைட் பண்ணுங்க, ஃபைல் தொறந்ததும் டெல் (tell, ஃபைல்ல எந்த இடத்துல இருக்கோம்னு சொல்றது) கூப்பிட்டுப் பாருங்க, 0 வந்தா, அதாவது ஃபைல் காலியா இருந்தா மட்டும் ஹெடர் எழுதுங்க. லாக் பெருசானா புது ஃபைலுக்கு மாறுற ரொட்டேட்டிங் ஹேண்ட்லரும் புது ஃபைலுக்கு இதே மெத்தடைத்தான் கூப்பிடும், அதையும் இதே மாதிரி இன்ஹெரிட் பண்ணி ஓவர்ரைட் பண்ணா அங்கயும் ஹெடர் தானா வந்துரும்.

கேட்டவர்:
வேலை செய்யுது ப்ரோ, நன்றி. நல்லவேளை டபிள்யூ போடல!