பாளை வீட்டார் குழு: கார்த்தி வீட்டை விற்றுவிட்டான்

கார்த்தி (ஹூஸ்டன்): வீட்டை விற்றாயிற்று. இன்று கையெழுத்து முடிந்தது. வாங்கியவர்கள் மாதக் கடைசி வரை இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து டிரெய்லர்தான் வீடு, ஊர் ஊராகப் போகப் போகிறோம்.

அம்மா: விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்

மாலா சித்தி: எவ்வளவு பெரியது? நம் வீட்டுத் தார்சா அளவாவது இருக்குமா?

கார்த்தி: 32 அடி நீளம், 8 அடி அகலம் சித்தி. முன்னால் எங்கள் கட்டில், நடுவில் அடுப்படி, பின்னால் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில். நிறுத்தியபின் ஒரு பக்கச் சுவர் வெளியே நகரும், கொஞ்சம் இடம் கிடைக்கும். இழுக்க டிரக் தனி.

மாலா சித்தி: நெல்லையப்பர் தேருக்கு அடுத்து உன் தேர்தான் 😄

முருகன் மாமா: வாடகைக்கு விட்டிருக்கலாமே?

கார்த்தி: வீட்டு வரி, புயல் காப்பீடு, வெள்ளக் காப்பீடு. வருகிற வாடகை இதற்கே போய்விடும் மாமா. ஏசி கெட்டால் மலை மேலிருந்து நான் ஆள் தேட வேண்டும்.

முருகன் மாமா: வேலை?

கார்த்தி: எனக்குக் கணினி முன்னால்தானே. இணையத்துக்குக் கூரையில் ஸ்டார்லிங்க் வைத்திருக்கிறேன். எச்-1பி வேலை விசாவில் இருந்தவரை இந்தப் பேச்சையே எடுக்க முடியாது. எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்கிறோம் என்று கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார்கள். கிரீன் கார்டு வந்ததால்தான் இந்தத் துணிச்சல்.

வித்யா: நான் ஒப்பந்த நர்ஸாகப் போகிறேன் மாமா. பெரும்பாலும் 13 வாரம் ஒரு ஊர், முடிந்தால் அடுத்த ஊர். டெக்சஸ் லைசென்ஸ் நியூ மெக்சிகோ, கொலராடோ, அரிசோனா மூன்றிலும் செல்லும். முதலில் ஆல்புகர்க்கி. அக்டோபரில் அங்கே பலூன் திருவிழா நடக்கும், அதுவரை நீட்டிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

முருகன் மாமா: தங்குவதற்குத் தனியாகப் படி தருவார்களே, வரி உண்டா?

வித்யா: நிரந்தரமாக ஒரு வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு வரி இல்லை. எங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

முருகன் மாமா: பார்த்தாயா! வீட்டை விற்ற நஷ்டத்தில் இதையும் சேர்த்து எழுது.

அம்மா: தம்பி, உன் கணக்கைக் கொஞ்சம் நிறுத்து. கார்த்தி, இனிமேல் உன் விலாசம் என்ன?

கார்த்தி: லிவிங்ஸ்டன் அம்மா. ஹூஸ்டனுக்கு வடக்கே சின்ன ஊர். எஸ்கேப்பீஸ் என்று டிரெய்லர்காரர்கள் சங்கம் ஒன்று அங்கே இருக்கிறது. எங்களைப் போல ஆயிரக்கணக்கான பேருக்கு அதுதான் விலாசம். தபால் வந்தால் வாங்கி வைத்து, நாங்கள் இருக்கும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். லைசென்ஸ், காப்பீடு எல்லாம் அந்த விலாசத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா: ஊர் பேர் தெரியாத இடத்தில் என் மகனுக்கு விலாசம். நல்லா இருக்கு. பிள்ளைகள் படிப்பு?

வித்யா: டெக்சஸில் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம் அத்தை, அனுமதி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டோம். பாப்பா நான்காம் வகுப்பு என்பதால் தேசியப் பூங்காக்களுக்கு ஆகஸ்ட் 31 வரை எங்கள் எல்லோருக்கும் இலவசம். அதற்கப்புறம் வருஷத்துக்கு 80 டாலர் பாஸ்.

பிரியா: மதினி, கறிவேப்பிலைச் செடியை என்ன செய்யப் போகிறீர்கள்? ஆளுயரம் வளர்ந்திருந்ததே 😢

வித்யா: பக்கத்து வீட்டுக்குத்தான். டெக்சஸை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது பிரியா. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் குடியிருக்குமாம். கலிபோர்னியா எல்லையில் வண்டியை நிறுத்திச் செடி, பழம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பொடி செய்து இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டேன்.

மாலா சித்தி: பொடியில் என்ன வாசம் வரும். சரி, கிரைண்டர்?

வித்யா: வருகிறது சித்தி. அதை விட்டுவிட்டு எங்கே போவேன்.

முருகன் மாமா: அந்த வண்டி கரண்டில் கிரைண்டர் ஓடுமா?

கார்த்தி: 30 ஆம்பியர் இணைப்பு மாமா, மொத்தம் 3,600 வாட். கிரைண்டருக்கு 150 வாட் போதும். ஏசி, மைக்ரோவேவ், இன்ஸ்டன்ட் பாட் மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் பிரேக்கர் விழும். மாவரைக்கும்போது வித்யா ஏசியைக் கூட நிறுத்த வேண்டாம்.

*பெரியப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

பெரியப்பா: ஏலே கார்த்தி. டயர் எந்த வருஷம்?

அம்மா: அத்தான், நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்

பெரியப்பா: அவன் வீட்டையே விற்றுவிட்டான். இனிமேல் டயரைத்தான் பார்க்க வேண்டும்.

கார்த்தி: டிரெய்லர் 2019 மாடல் பெரியப்பா. டயர் பட்டன் தேயவே இல்லை, புதுசு மாதிரி இருக்கிறது.

பெரியப்பா: தேய்மானத்தைக் கேட்கவில்லை. பக்கச் சுவரில் டிஓடி என்று போட்டு நம்பர் இருக்கும். கடைசி நாலு இலக்கம் என்ன?

கார்த்தி: 📷 படம்
0819

பெரியப்பா: 2019, எட்டாவது வாரம். ஓடாமல் வெயிலில் நின்ற டயர் பட்டன் அப்படியேதான் இருக்கும், ரப்பர் உள்ளே செத்துப்போயிருக்கும். டிப்போவில் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை போயிற்று. நாலையும் மாற்று. விற்றவன் நல்ல டயர் என்றானா?

கார்த்தி: ஆமாம்

பெரியப்பா: சொல்லத்தான் செய்வான். எடை மேடையில் ஏற்றினாயா?

கார்த்தி: லாரிகள் நிற்கும் பங்க்குகளில் கேட் ஸ்கேல் என்று இருக்கிறது பெரியப்பா. சாமான் எல்லாம் ஏற்றியபின் போனோம். டிரெய்லர் 9,300 பவுண்டு, அனுமதி 9,500.

பெரியப்பா: தண்ணீரோடவா?

கார்த்தி: தொட்டி காலி. நிரப்பினால் 50 கேலன்.

பெரியப்பா: 190 கிலோ. அனுமதியைத் தாண்டிவிடும். தண்ணீரை போய்ச் சேருகிற இடத்தில் பிடி. கொக்கி மேல் எவ்வளவு விழுகிறது?

கார்த்தி: 740 பவுண்டு

பெரியப்பா: மொத்த எடையில் எட்டு சதவீதம் கூட இல்லை. பத்துக்கு மேல் இருக்க வேண்டும். பின்னால் என்ன வைத்திருக்கிறாய்?

வித்யா: பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் புத்தகப் பெட்டிகள் பெரியப்பா. அரிசி மூட்டை. கிரைண்டரும் அங்கேதான்.

பெரியப்பா: அப்படியானால் வால் கனம். நெடுஞ்சாலையில் பெரிய லாரி பக்கத்தில் போகும்போது டிரெய்லர் இடதும் வலதுமாக ஆடும், அப்புறம் டிரக்கையும் சேர்த்து இழுக்கும். புத்தகத்தில் பாதியை இறக்கு. கிரைண்டர், அரிசியை எல்லாம் அச்சுக்கு முன்னால் கொண்டுவா. வந்து மறுபடி எடை போடு.

மாலா சித்தி: ஒரு கிரைண்டரால் தேர் சாயுமா!

பிரியா: அப்பா ரிட்டயர் ஆனபின் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை

*சனிக்கிழமை*

வித்யா: 📷 படம்
பேர்லாந்து மீனாட்சி கோயிலில் வாகன பூஜை. டிரக்கோடு சேர்த்து எட்டுச் சக்கரம், எட்டு எலுமிச்சை. அர்ச்சகர் வண்டியைச் சுற்றி வருவதற்குள் தீபாராதனைத் தட்டில் இரண்டு முறை கற்பூரம் போட வேண்டியதாயிற்று.

அம்மா: மீனாட்சி துணை 🙏 உள்ளே சாமி படம் வைக்க இடம் இருக்கிறதா?

வித்யா: அடுப்புக்கு மேல் அலமாரியில் அத்தை. வண்டி ஓடும்போது விழாமல் இருக்க ஒட்டிவிட்டோம். விளக்கு மட்டும் பேட்டரி விளக்கு, உள்ளே கேஸ் இருக்கிறதே.

கார்த்தி: பெரியப்பா, நாலும் புது டயர். பாதிப் புத்தகம் நூலகத்துக்குப் போயிற்று. மறுபடி எடை: மொத்தம் 9,150, கொக்கி மேல் 980.

பெரியப்பா: பத்தரை சதவீதத்துக்கு மேல். போதும். அந்த டயர் மணிக்கு எத்தனை மைல் வரை தாங்கும் என்று பார். நீ 60-ஐத் தாண்டாதே. முதல் 50 மைலில் இறங்கி வீல் நட்டை எல்லாம் முறுக்கிப் பார்.

முருகன் மாமா: நான்கு டயர் எவ்வளவு ஆயிற்று?

அம்மா: தம்பி!

மாலா சித்தி: நான் விசாவுக்குப் போட்டால் எங்கே படுப்பேன் வித்யா?

வித்யா: சாப்பாட்டு மேசையை இறக்கினால் கட்டில் ஆகிவிடும் சித்தி. காலை ஆறு மணிக்கு எழுந்துவிட வேண்டும், அப்போதுதான் இட்லி சாப்பிட மேசை கிடைக்கும்.

மாலா சித்தி: நான் அஞ்சு மணிக்கே எழுந்திருப்பவள்

கார்த்தி: 📷 📷 📷 📷
டயர் படங்கள் பெரியப்பா

பெரியப்பா: நாலாவது தெளிவாக இல்லை. வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்பு.