‘இடியம்’: மரபுத்தொடர் மட்டும் போதுமா?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொற்பட்டியலில் ‘இடியம்’ (idiom) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மரபுத்தொடர்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. கொழும்பு பொரளை கோதமி விகாரையில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939-40 காலத்தில் தீட்டிய சுவரோவியங்களைப் பற்றி எழுதும்போது அது உதவாது. புத்தர் சரிதம் பழையது. அதைச் சொல்லும் கோடும் உடல்வளைவும் நவீனம். அந்தச் சொல்லும் விதத்தை ‘மரபுத்தொடர்’ என்றால் யாருக்கு விளங்கும்? ‘ஓவிய வழக்கு’ என்று வைக்கலாமா?

— வெள்ளவத்தையிலிருந்து

> ‘ஓவிய வழக்கு’ என்று வைக்கலாமா?

வேண்டாம். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று இலக்கணத்தில் அது நல்ல சொல்தான். ஆனால் கலைச்சொல்லைக் கூட்டுச்சொல்லாக்கிப் பார்க்கவேண்டும். ‘கட்டட வழக்கு’ என்று தலைப்பிட்டால் புதுக்கடை நீதிமன்றச் செய்தி என்றே வாசிப்பார்கள். ‘வழக்காறு’ நாட்டாரியலுக்குப் போய்விட்டது. ‘பாணி’யும் கைவசம் இல்லை: பரதநாட்டியத்தில் பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்று பரம்பரையைக் குறிக்க அது வேண்டும்.

மொழிப் பொருளுக்கு மரபுத்தொடரே இருக்கட்டும். அதற்குச் சோதனை எளிது. ‘திட்டத்தைக் கைகழுவிவிட்டார்கள்’ என்பதில் ‘கை’யை எடுத்துக் ‘கரம்’ போடுங்கள், பொருள் போய்விடும். ‘சவர்க்காரத்தால்’ என்று நடுவே செருகினாலும் போய்விடும். ஆனால் கைகழுவினேன், கைகழுவுவார்கள் என்று காலமும் இடமும் ஏற்கும். பழமொழி அப்படி நெகிழாது. இந்த வேறுபாட்டைப் பட்டியலில் ஒரு வரியாவது எழுதவேண்டும். இரண்டையும் குழப்பித்தான் பாதித் தவறு வருகிறது.

கலையில் நடப்பதும் இதற்கு உறவானதே. பரதத்தில் பதாகக் கையை எடுங்கள். விரல்கள் நேராகச் சேர்ந்து, பெருவிரல் மடங்கிய கை. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூல் அதற்கு மேகம், காடு, ஆறு, இரவு, விலக்கல் என்று பல பயன்பாடுகள் தருகிறது. கையை மட்டும் படம்பிடித்துக் காட்டினால் ஆறு தெரியாது. அசைவும் பார்வையும் சேர்ந்து, பழகிய ஒரு கூட்டாக வரும்போதுதான் தெரியும். எந்தப் பாணிக்காரர் ஆடினாலும் இந்தச் சேமிப்பு பொது. இதற்குத்தான் பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு ‘பாங்கு’: ஓவியப் பாங்கு, கட்டடப் பாங்கு, இசைப் பாங்கு. பெயரடையும் கிடைக்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தமிழாக ஓடுவதைப் ‘பாங்கான மொழிபெயர்ப்பு’ எனலாம்.

— கொட்டாஞ்சேனையிலிருந்து

> என் முன்மொழிவு ‘பாங்கு’

எனக்கும் சம்மதம், ஆனால் ஒரு திருத்தத்தோடு. நம் முஸ்லிம் வாசகர்களுக்குப் பாங்கு என்றால் முதலில் தொழுகை அழைப்பு. ‘இசைப் பாங்கு’ என்று இடைவெளி விட்டால் கண் அங்கேதான் போகும். ஆகவே எப்போதும் சேர்த்தே எழுதுவோம்: ஓவியப்பாங்கு, இசைப்பாங்கு. தனித்து நிற்கவேண்டிய இடத்தில் ‘கலைப்பாங்கு’. ‘பாங்கான’ என்ற பெயரடையில் இந்தக் குழப்பம் இல்லை, அப்படியே விடலாம்.

‘ஓவிய மொழி’ என்பதையும் இதற்கு மாற்றாகக் கொடுக்கக்கூடாது. அது ஒரு கலையின் முழு அமைப்பு. பாங்கு அதற்குள் பழக்கத்தில் உறைந்த பகுதி. கீற் பற்றிய வரியை இப்படி எழுதலாம்: ‘பழைய புத்தர் சரிதம், நவீன ஓவியப்பாங்கில்.’

பட்டியலில் மூன்று பதிவுகள் இடுகிறேன்: சொற்றொடருக்கு மரபுத்தொடர், ஒரு மக்களின் பேச்சுக்குப் பேச்சு வழக்கு, கலைக்குக் கலைப்பாங்கு. கணினி நிரலாக்கத்தில் வரும் இடியத்துக்கு இன்னும் சொல் இல்லை. அதைத் தனி இழையில் எடுப்போம்.

— தெமட்டகொடையிலிருந்து