குழந்தைகள், முதியவர்கள் பாதுகாப்பு விதி: தேவையா, அளவுக்கு மீறியதா?

மூன்றாம் மாடி:
நேற்று நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக, அங்கே வைத்த பாதுகாப்பு விதி வரைவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வகுப்பு எடுப்பவர் யாராக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டுமாம், இல்லையென்றால் இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டுமாம். தனியாக இருக்கும் முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள் வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சொல்ல இரண்டு பொறுப்பாளர்கள். பத்து வருஷமாகச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன், ஒரு காசு வாங்கியதில்லை. நான் நல்லவன்தான் என்று இனிமேல் கதவைத் திறந்து வைத்து நிரூபிக்க வேண்டுமா? வாசலில் காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது, அது போதாதா?

வானம்பாடி:
சார், கேமரா வெளியாளைத்தான் பார்க்கும். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். சுவரேறிக் குதித்து வருவதில்லை. முதலில் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவார்கள், அப்புறம் பிள்ளைக்குப் பரிசு, அப்புறம் "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும்". உங்களைச் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது உங்கள் மேல் வீண்பழி போட்டால் அந்தத் திறந்த கதவுதானே உங்களுக்கும் சாட்சி?

மூன்றாம் மாடி:
வீண்பழி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், என் பயமே அதுதான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒருவர் ஒரு வரி போட்டால் போதும், ஒரு மனுஷன் லிஃப்டில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

சாவிக்கொத்து:
முன்பு நான் இருந்த குடியிருப்பில் கீழ்வீட்டு அம்மாவுக்கு எண்பது வயது. மருந்து வாங்கித் தர ஒருவர் வந்து போவார். தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொன்னோம், நானும்தான். ஒருநாள் அந்த அம்மாவின் மாத்திரை டப்பாவைப் பார்க்கிறேன், செவ்வாய் முதல் சனி வரை ஒரு அறையும் காலியாகவில்லை. கேட்டால், "தம்பி வரட்டும், அவன் எடுத்துத் தருவான்." மருந்து வாங்கித் தருபவரைத்தான் தம்பி என்பார். ஏடிஎம் அட்டை? தம்பியிடம். ரகசிய எண்ணை அட்டைக்குப் பின்னாலேயே எழுதி ஒட்டிக் கொடுத்தாராம். வங்கிக் குறுஞ்செய்தியும் தம்பியின் எண்ணுக்கே போகிறது! அந்த அம்மா சாயங்காலம் கீழே வந்து உட்காருவதை நிறுத்தியபோதே எனக்கு உறுத்தியது, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நாலு மாதம் தள்ளிப்போட்டேன். 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் ஆறில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைக் கொடுமைக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் படித்தபோது மிகை என்று நினைத்தவன் நான்.

நடுப்பக்கம்:
வருத்தமான விஷயம்தான். ஆனால் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது அந்த அம்மாவின் முடிவு, வயதானால் யாரும் குழந்தையாகிவிடுவதில்லை. குழந்தை விஷயத்தில் யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம், தெளிவாக இருக்கும் பெரியவரிடம் முதலில் அவரையே கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான்; 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை அவர்களுக்குப் பாதுகாப்பையும் சொல்கிறது, முடிவெடுக்கும் உரிமையையும் சொல்கிறது. எல்லோரையும் ஒரே விதியில் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள், அதனால் என் ஓட்டு எதிராகத்தான்.

வானம்பாடி:
அதைப் பிரித்து எழுதலாம், நியாயம். நான் பள்ளியில் வேலை பார்த்தவள், இன்னொன்றும் சேர்க்கச் சொல்வேன். பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் துருவித் துருவிக் கேட்கக் கூடாது, "அவர்தானே செய்தார்?" என்று நாமே வாயில் சொல் போடக் கூடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யக் கூடாது, செய்தால் மீற வேண்டிவரும். பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதி, தேதி, நேரம் போட்டு, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். குழுவில் மூச்சு விடக் கூடாது.

மூன்றாம் மாடி:
குழுவில் போடக் கூடாது என்பதை விதியாகவே எழுதினால் யோசிக்கிறேன். சரி, பொறுப்பாளர் மேலேயே புகார் வந்தால்?

சாவிக்கொத்து:
அதற்குத்தான் இரண்டு பேர், அதுவும் வேறு வேறு கட்டடத்திலிருந்து. ஆபத்து என்று தெரிந்தால் இவர்களுக்காகக் காத்திருக்காமல் நேராகக் காவல்துறைக்குப் போகலாம் என்பதும் வரைவில் இருக்கிறது, நாலாவது பத்தியைப் பாருங்கள். விசாரிப்பது சங்கத்தின் வேலையே இல்லை.

மூன்றாம் மாடி:
பார்த்தேன். எழுதி வைக்கும் நோட்டு யார் வீட்டில், எந்தப் பூட்டுக்குள் இருக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லையே, முதலில் அதைச் சொல்லுங்கள். சனிக்கிழமை வகுப்பு உண்டு, கதவைத் திறந்தே வைக்கிறேன். கொசு வந்தால் சங்கம் பொறுப்பு.