பொடி மீனுக்கு எந்த நம்பர் தூண்டில் முள்?

வைகைக்கரை:
தக்கை ஆடுது, மாவு காலியாகுது, மீன் மட்டும் மாட்டலைன்னா பெரும்பாலும் குறை இரையில இல்லை, முள்ளில. விரல் நீளக் கெண்டைக்கு வாய் சில மில்லிமீட்டர்தான். 8, 10-ம் நம்பர் முள் அதுக்குள்ள போகவே போகாது. ஓரத்து மாவைக் கொறிச்சிட்டுப் போயிடும். 16 இல்லன்னா 18 போடுங்க. நம்பர் கூடக் கூட முள் சிறுசாகும். 1-ஐத் தாண்டி 1/0, 2/0-ன்னு போனா திரும்பப் பெருசாகும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறுறதால, முனைக்கும் தண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளியைக் கண்ணால பார்த்து வாங்குங்க. அது மீன் வாயில பாதி அகலத்துக்கு மேல இருக்கக் கூடாது.

கம்பியும் மெல்லிசா இருக்கணும். கனத்த முள் உதட்டைக் கிழிச்சிடும், மாவையும் விறுவிறுன்னு கீழே இழுத்துட்டுப் போயிடும். கெண்டை பாதித் தண்ணியில மெதுவா இறங்குற இரையைத்தான் ஆசையா எடுக்கும். தூண்டில் நரம்பு 0.12 அல்லது 0.14 மி.மீ. தடிமன் போதும். முள்ளுக்கு 15 செ.மீ. மேல ஒரு சின்ன ஈயம் போட்டு, மயிலிறகுத் தண்டுத் தக்கையில 1 செ.மீ. மட்டும் வெளியே தெரியுற வரைக்கும் ஈயத்தைக் கூட்டுங்க. தக்கை உயர மிதந்தா கெண்டை தொடுறதே தெரியாது. மாவு மிளகளவு, அவ்வளவுதான். மைதாவைப் பிசையும்போது துளி பஞ்சைப் பிய்ச்சுச் சேர்த்தா சீக்கிரம் கரையாது.

ஏரிக்கரை:
கெண்டைக்கு வைகைக்கரை அண்ணன் சொன்னது அப்படியே சரி. ஆனா அதே முள்ளோட ஜிலேபி மீன் (திலாப்பியா) இருக்கிற ஏரிக்குப் போகாதீங்க. கையகல ஜிலேபி ஒண்ணு எடுத்தா 18-ம் நம்பர் மெல்லிசு முள் நிமிர்ந்துடும். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீன், இன்னைக்கு ஏரி குளமெல்லாம் அதுதான்; பல இடத்துல கெண்டையை விட முதல்ல அதுதான் இரையைத் தொடும். 10 அல்லது 12, தண்டு குட்டையா இருக்கிற முள் போடுங்க. நரம்பு 0.20.

ஜிலேபி இரையை உறிஞ்சிப் பார்த்துட்டு உடனே துப்பும். அதனால முழுப் புழுவைத் தொங்க விடாதீங்க, வாலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடும். 1 செ.மீ. துண்டு வெட்டி, முள்ளோட வளைவை மூடுற மாதிரி ஏத்தி, முனை துளி வெளியே இருக்கட்டும். புழுவுக்குள்ள முனை புதைஞ்சா குத்தாது. மாவுல மட்டும் புதைக்கலாம், இழுத்த உடனே மாவு உடைஞ்சிடும்.

வாய்க்கால்மேடு:
கெளுத்தி, குறவை பக்கம் கணக்கே வேற. உடம்பு சின்னதா இருந்தாலும் வாய் பெருசு, விழுங்கிடும். சின்ன முள் போட்டா தொண்டைக்குள்ள போய் உட்காரும், எடுக்கவே முடியாது. கெளுத்திக்கு 8, குறவைக்கு 6. ரெண்டுக்கும் தண்டு நீளமான முள்தான். தண்டு வாய்க்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா பிடிச்சுத் திருப்பி எடுத்துடலாம். தக்கை அமுங்கி ஓட ஆரம்பிச்ச உடனே இழுங்க, காத்திருந்தா உள்ளே போயிடும். அப்படியும் விழுங்கிட்டா நோண்டாதீங்க, நரம்பை வெட்டிடுங்க.

ஆரலுக்கு வாய் குறுகல். அதே நீளத் தண்டுதான், ஆனா 12, மெல்லிசு.

கெளுத்தியைக் கழட்டுறப்போ முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள் விரைச்சு நிக்கும். குத்தினா நல்லா கடுக்கும். ஈரத்துணியில பிடிச்சு, பக்கத்து முள்ளுக்குப் பின்னாடி விரலை வையுங்க. குஞ்சுக் கூட்டத்தோட சுத்துற குறவையையும் விராலையும் மட்டும் விட்டுடுங்க. பெருசு போயிட்டா அத்தனை குஞ்சும் மத்த மீனுக்கு இரை.

தாமிரபரணி:
16, 18 நம்பர்ல நிறைய முள்ளுக்கு நரம்பு கோக்கிற கண் இருக்காது, தலைப்பு தட்டையா இருக்கும். சாதா முடிச்சு உருவிக்கும். நரம்பைத் தண்டோட சேர்த்து வளையம் விட்டு, 7 அல்லது 8 சுத்து சுத்தி, எச்சில் தொட்டு நனைச்சு மெதுவா இறுக்குங்க. காய்ஞ்ச நரம்பை இறுக்கினா உரசுன சூட்டுல அந்த இடமே பலவீனமாயிடும். முக்கியமா, நரம்பு தட்டைத் தலைப்போட உள்பக்கமா, அதாவது முனை பார்த்திருக்கிற பக்கமா வெளியே வரணும். வெளிப்பக்கமா வந்தா இழுக்கும்போது முள் திரும்பி, குத்தாம வழுக்கிடும். மாட்டி மாட்டி விட்டுப் போற மீனுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

முனையைக் கட்டைவிரல் நகத்துல லேசா இழுத்துப் பாருங்க. கீறிப் பிடிச்சா கூர் இருக்கு, வழுக்கினா தூக்கிப் போடுங்க. சின்ன முள்ளைத் தீட்டுறது வீண் வேலை. பிடிச்சு விடுறவங்க முனைக்குக் கீழே இருக்கிற சின்ன நாக்கைக் குறட்டால நசுக்கிடுங்க. நரம்பைத் தொய்ய விடாம வச்சிருந்தா மீன் கழண்டு போகாது, எடுக்கும்போது உதடும் கிழியாது. நனைஞ்ச முள்ளைப் புது முள் இருக்கிற டப்பாவுல போடாதீங்க, ஒண்ணோட துரு மொத்தத்துக்கும் ஏறிடும்.