எக் தீவுக்குப் பகல் பயணம் போதுமா?

வழிப்போக்கன்:
ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள எக் தீவுக்கு, மல்லெய்க் துறையில் காலையில் படகேறிச் சென்று மாலையில் திரும்பலாம் என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறீர்கள். நான் இதை ஏற்கவில்லை. ஏறத்தாழ நூறு பேர் வாழும் ஊரில் சில மணி நேரம் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு, துறையருகே தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவதை அவ்வூரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு இரவாவது தங்க வேண்டும். அதுதான் அவ்வூருக்கும் நல்லது.

கணக்காளன்:
தங்குவதுதான் ஊருக்கு நல்லது என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அத்தீவுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவதில்லை. 2008 முதல் நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து அவர்களே உற்பத்தி செய்துகொள்கிறார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. மின்கெட்டில் கொதிக்கும்போதே சலவை இயந்திரமும் தண்ணீரைச் சூடாக்கத் தொடங்கினால் வரம்பு ஏறத்தாழ நிறைந்துவிடும். பகலில் வந்து போகிறவர் அந்த மின்சாரத்தில் ஒரு கோப்பைத் தேநீர் அளவுக்குத்தான் கை வைக்கிறார்.

வழிப்போக்கன்:
வரம்பு வீட்டுக்கு, தலைக்கு அல்ல. விருந்தினர் வந்தாலும் அதே 5 கிலோவாட்டுக்குள்தான் அவ்வீடு சமாளிக்கிறது. அதோடு, நிலவுடைமையாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஆண்டுவந்த அத்தீவை, 1997இல் நன்கொடை திரட்டி, 15 இலட்சம் பவுண்டுக்கு அவ்வூரார் தங்கள் அறக்கட்டளை வழியாக வாங்கினார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு அறை வாடகையாகக் கிடைக்கும் வருமானத்தைத் தேநீர்க் காசோடு ஒப்பிடுவது சரியல்ல.

மணல்வெளி:
நான் அங்கே போயிருக்கிறேன். மின்சாரக் கணக்கை விடுங்கள். கால்களின் கணக்கைப் பாருங்கள். வருகையாளர் கார் கொண்டுபோக முடியாது. படகுத்துறை தென்கிழக்கில் இருக்கிறது. 'பாடும் மணல்' எனப்படும் கடற்கரையோ தீவின் மறுபுறத்தில். முதல் நாள் மழையில் போனபோது அந்த மணல் ஊமையாகக் கிடந்தது. மறுநாள் வெயில் காய்ந்த பிறகு, வெண்மையான அந்தக் குவார்ட்ஸ் மணலில் குதிகாலைச் சற்று இழுத்து வைத்ததும், புதுச்செருப்பு கிறீச்சிடுவதைப் போன்ற ஒலி எழுந்தது. 393 மீட்டர் உயரமுள்ள ஸ்கூர் பாறைமுகட்டில் ஏறி இறங்கவே அரை நாள் பிடித்தது. ஒரே பகலில் இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் ஓடத்தான் வேண்டும்.

கணக்காளன்:
இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? எல்லோருக்கும் நான்கு நாள் விடுப்புக் கிடைப்பதில்லை. ஒன்றை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவரை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை.

மணல்வெளி:
ஏளனம் இல்லை. ஆனால் காற்று வலுத்தால் படகு வராது. இரண்டு இரவுக்குப் போன நான் நான்கு இரவு தங்கினேன். எனக்காவது அறை இருந்தது. மாலைப் படகை நம்பி வந்து அது வராமல் போனால், படுக்க இடமும் மாற்று உடையும் இல்லாத உங்களைத் தாங்கப்போவது, சுமை கொடுக்கக் கூடாது என்று நீங்கள் வாதிடும் அதே ஊர்தான்.

கணக்காளன்:
இந்த இடத்தில் மட்டும் என் வாதம் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பகல் பயணத்தை விடமாட்டேன். முந்தைய நாள் காற்றின் நிலவரத்தைப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் மல்லெய்க்கிலேயே நின்றுவிடுவேன்.