'இயற்கையாகத்தான்' பழுத்த மாம்பழம்: பாசிவ் வாய்ஸில் அட்வெர்ப் வைத்து மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

மாங்கூழ், கிருஷ்ணகிரி

மாங்கூழ் ஆலை ஒன்றில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஜூன் மாதம். வெளியே பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கின்றன, உள்ளே ஈ மொய்க்கிறது. வெளிநாட்டில் இருந்து கூழ் வாங்குகிறவர் மெயில் அனுப்பியிருக்கிறார்: பழத்தை எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள்?

கேள்வி நியாயமானதுதான். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்க நம் நாட்டில் தடை. எத்திலீன் வாயு என்றால் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு. எங்கள் ஆலையில் இரண்டுமே கிடையாது. கொட்டகையில் வைக்கோல் பரப்பிக் காயை அடுக்கி, தானாகப் பழுக்க விட்டுவிடுவோம். அதைத்தான் ஒரே வரியில் எழுதினேன்: 'தி ஃப்ரூட்ஸ் ஹேவ் பீன் நேச்சுரலி ரைப்பன்ட்.'

மேனேஜர் வாங்கிப் பார்த்தார். நேச்சுரலியைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, ஓர் அம்புக்குறி இழுத்து, ஹேவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார். "பீனும் ரைப்பன்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரிப்பா. நடுவுல யாரும் போகக் கூடாது." வயதில் பெரியவர், கான்வென்டில் படித்தவர். சரி என்று அப்படியே அனுப்பிவிட்டேன்: 'ஹேவ் நேச்சுரலி பீன் ரைப்பன்ட்.'

மறுநாள் ஒரு வரிப் பதில் வந்தது. பழுக்க வைத்திருப்பீர்கள் என்பது எங்களுக்கும் தெரியும், எப்படி என்றுதான் கேட்டோம்!

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். நேச்சுரலி இரண்டு வேஷம் போடும் சொல். ரைப்பன்டை ஒட்டி நின்றால் 'இயற்கை முறையில்'. ஹேவுக்குப் பின்னால், பீனுக்கு முன்னால் நின்றால் 'பின்னே, பழுக்க வைக்காமலா?' என்கிற அர்த்தம். அதாவது செயலை விட்டுவிட்டு முழு வாக்கியத்தின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. புருஷன் பொண்டாட்டி நடுவில் யாரும் போகக் கூடாது என்பது குடும்பத்துக்குச் சரி, ஆங்கில இலக்கணத்தில் அப்படி ஒரு விதியே இல்லை. இந்த மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் எழுதுங்கள்.

பென்னாகரம் டீச்சர்

தம்பி, எனக்கு இதே கதை தலைகீழாக நடந்தது. காலாண்டுத் தேர்வில் ஒரு பையன் பக்கத்துப் பையன் தாளை அப்படியே இறக்கி வைத்திருந்தான், எழுத்துப்பிழை உட்பட. தாளின் மேல் எழுதி ஹெச்எம்மிடம் கொடுத்தேன்: 'திஸ் ஆன்சர் ஹேஸ் பீன் கிளியர்லி காப்பீட்.' அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்னம்மா, தெளிவா காப்பி அடிச்சிருக்கான்னு பையனைப் பாராட்டுறீங்களா?"

நான் சொல்ல வந்தது 'ஹேஸ் கிளியர்லி பீன் காப்பீட்.' காப்பி அடித்திருப்பது அப்பட்டமாகத் தெரிகிறது என்று. படிக்கிறவர் எப்படியும் புரிந்துகொள்வார் என்றாலும், ஹெச்எம் வாயில் விழுந்தபின் தப்ப முடியுமா? அந்த வருடம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் நான்தான் 'கிளியர்லி டீச்சர்'.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித் தருகிறேன். ஆல்ரெடி, ப்ராபப்ளி, ஆல்வேஸ், நெவர் எல்லாம் முதல் துணைவினை (ஹேஸ், வில் மாதிரி) தாண்டியதும் இறங்கிவிடும்: 'ஹேஸ் ஆல்ரெடி பீன் சென்ட்', 'வில் ப்ராபப்ளி பி க்ளோஸ்ட்'. கேர்ஃபுலி, பேட்லி, கம்ப்ளீட்லி மாதிரி விதம், அளவு சொல்கிறவை கடைசி ஸ்டாப் வரை வந்து முக்கிய வினைக்கு முன்னால் இறங்கும்: 'ஹேஸ் பீன் பேட்லி டேமேஜ்ட்'. பென்னாகரம் பஸ்ஸில் தினம் வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டாப் கணக்கு உடனே புரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் ஆக்டிவை பாசிவாக மாற்று என்று இரண்டு மார்க் கேள்வி வரும். 'ஷி சாங் தி சாங் ஸ்வீட்லி' என்று கொடுத்தால் 'வாஸ் ஸ்வீட்லி சங்' என்றும் எழுதலாம், 'வாஸ் சங் ஸ்வீட்லி' என்றும் எழுதலாம். இரண்டும் சரி. நோட்ஸில் இருப்பதை மட்டும் சரி என்று பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை என்ன பாவம் செய்தது?

தொப்பூர் கணவாய்

எங்கள் ஊர் மனுவில் 'எ பஸ் ஸ்டாப் இஸ் பேட்லி நீடட்' என்று எழுதினேன். பெரியப்பா கோபித்துக்கொண்டார், "நல்லது கேட்கும்போது எதுக்குடா பேட்னு போடுறே?" மிக அவசரமாகத் தேவை என்று அர்த்தம் பெரியப்பா என்றால் நம்பவில்லை. கடைசியில் 'அர்ஜென்ட்லி' போட்டுக் கொடுத்தோம். அதுவும் இஸ்ஸுக்கும் நீடடுக்கும் நடுவில்தான் உட்கார்ந்தது.

டைப்பிங் சென்டர், தர்மபுரி

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்றால் எனக்குக் காலை ஏழு மணிக்கே கடை. பெரும்பாலும் தமிழ் மனுதான். எப்போதாவது வங்கித் தலைமை அலுவலகத்துக்கு, மத்திய அரசு அலுவலகத்துக்கு என்று ஆங்கிலத்தில் கேட்பார்கள்.

ஒரு அம்மா வந்தார். பயனாளிகள் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருக்கிறது. அவர் சொன்னது: 'என் பெயர் வேண்டுமென்றே சேர்க்கப்படவில்லை.' நான் சொல்லுக்குச் சொல் தட்டினேன்: 'மை நேம் வாஸ் நாட் டெலிபரேட்லி இன்க்ளூடட்.' அந்த அம்மாவின் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிற பெண், போனில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அண்ணா, வேணும்னு சேர்க்கலை, தெரியாம சேர்த்துட்டாங்கங்கிற மாதிரி இருக்கு. அப்ப புகார் எதுக்குன்னு கேப்பாங்களே" என்றது.

தூக்கிவாரிப்போட்டது. 'நாட்' முன்னால் வந்தால் அது டெலிபரேட்லியையும் சேர்த்து அடித்துவிடுகிறது. டெலிபரேட்லி முன்னால் வர வேண்டும்: 'வாஸ் டெலிபரேட்லி நாட் இன்க்ளூடட்.' வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள்.

நம் தமிழிலும் இந்த வம்பு உண்டு, நாம் கவனிப்பதில்லை. 'பணம் முழுவதும் செலுத்தப்படவில்லை' என்றால் கொஞ்சம் பாக்கியா, ஒரு பைசா கூடக் கட்டவில்லையா? நேரில் பேசினால் குரலில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தட்டும்போது 'ஹேஸ் நாட் பீன் ஃபுல்லி பெய்ட்' என்றால் பாக்கி இருக்கிறது என்றுதான் ஆகும். மொத்தமாகவே கட்டவில்லை என்றால் 'அட் ஆல்' போட வேண்டும். இப்போதெல்லாம் ஆளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் கீபோர்டில் கை வைக்கிறேன்.

இடம் மறந்துபோனால் கேட்டுகளில் தொங்குகிற போர்டை நினைத்துக்கொள்வேன்: 'பார்க்கிங் இஸ் ஸ்ட்ரிக்ட்லி ப்ரொஹிபிடட்.' நோட்டீஸ் என்றால் 'யூ ஆர் ஹியர்பை இன்ஃபார்ம்ட்.' ஹியர்பை வேறு எங்கேயாவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

ஓசூர் ஷிஃப்ட்

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கம்பெனியில் ஆங்கிலம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நாம் பேசும்போது பாசிவே பேசுவதில்லை. 'ரோடு போட்டுட்டாங்க' என்போம், 'சாலை போடப்பட்டுவிட்டது' என்று செய்தியில்தான் வரும். அதுவும் எழுதினால் ஒரே சொல். நடுவில் சந்து இல்லை, 'நன்றாக' என்பதை முன்னால்தான் வைத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் 'ஹேஸ் பீன் லெய்ட்' மூன்று துண்டு, இரண்டு சந்து. எந்தச் சந்தில் நுழைவது என்று நமக்குப் பழக்கமே இல்லை.

அதனால் நான் எல்லாவற்றையும் கடைசியில் தள்ளிவிடுவேன். 'வாஸ் பேக்ட் கேர்ஃபுலி', 'வாஸ் செக்ட் கம்ப்ளீட்லி'. இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. சந்துக்கே போக வேண்டாம்.

மாங்கூழ், கிருஷ்ணகிரி

ஓசூர் நண்பரே, சின்ன வாக்கியத்துக்கு அது ஓடும். ப்ராபப்ளியை அப்படித் தள்ளினால் எழுதி முடித்தபின் ஞாபகம் வந்து ஒட்டிய மாதிரி இருக்கும். வாக்கியம் நீண்டால் இன்னும் மோசம், நானே மாட்டியிருக்கிறேன். தவறாக நிராகரிக்கப்பட்ட ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சரக்கு பற்றி, 'தி லாட் வாஸ் ரிஜெக்டட் பை தி இன்ஸ்பெக்டர் ஹூ செக்ட் இட் ராங்லி' என்று எழுதினேன். ராங்லி பக்கத்தில் இருக்கிற செக்டைப் பிடித்துக்கொண்டது. நிராகரித்தது தவறு என்று சொல்லப் போய், அவருக்குச் சோதிக்கவே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனிதர் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'வாஸ் ராங்லி ரிஜெக்டட்' என்று எழுதியிருந்தால் தொல்லையே இல்லை.

டீச்சரக்கா, உங்கள் ஸ்டாப் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் மேனேஜர் ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் காவேரிப்பட்டணம் சந்தையில் பார்த்தேன், வீட்டுக்குப் பை நிறைய மல்கோவா வாங்கிக்கொண்டிருந்தார். கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்வி: "கல் வெச்சதா, தானா பழுத்ததா?" நான் ஒன்றும் சொல்லவில்லை.